இன்ஜின் இல்லாத வண்டிக்கு ஆகும் செலவு

என் தங்கையின் கணவன் நேரியோவிடம் ஒரு மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இருந்தது என்று சொல்வதில் கொஞ்சம் சிக்கல் உண்டு. வண்டி என் தங்கை எத்மெயாவின் பெயரில் இருந்தது. அதன் இன்ஜின் இவானோவின் பட்டறையில் இருந்தது. நேரியோவிடம் இருந்தது சாவி மட்டும்தான்.

எங்கள் மலையூர் ரோவெரெல்லாவில் அப்படியொரு வண்டி வைத்திருப்பது அதிசயமில்லை. கீழே மோதெனா சமவெளியில் அவற்றைச் செய்கிறார்கள். செய்து முடித்ததும் எங்கள் மலை வளைவுகளுக்கு ஓட்டிவந்துதான் சோதித்துப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். எட்டு சிலிண்டர் போகிறதா, பன்னிரண்டு சிலிண்டர் போகிறதா என்பதைப் பாதித் தூக்கத்திலும் சொல்லிவிட்டுப் புரண்டு படுப்போம்.

சஸ்ஸுவோலோவில் டைல்ஸ் தொழிற்சாலை நடத்தி நொடித்துப்போன ஒருவரின் சொத்துகள் ஏலத்துக்கு வந்தபோது நேரியோ அந்த வண்டியை எடுத்தான். நல்ல மலிவு. அந்த வண்டியில் மலிவான விஷயம் அதை வாங்குவது மட்டுமே என்பதை அங்கே யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஏலத்தில் ஒரு மூலையில் நின்றிருந்த பழைய சொந்தக்காரரின் முகத்தை அவன் பார்த்திருந்தால் போதும். அந்த மனிதர் எல்லாவற்றையும் இழந்திருந்தார், ஆனால் வண்டி கைமாறிய நிமிடத்தில் மட்டும் லேசாகச் சிரித்தார்.

முதலில் கிளச் போயிற்று. நேரியோவின் ஷெட் சரிவில் இருக்கிறது, தினமும் பின்னோக்கி ஏற்றி ஏற்றித் தேய்த்துவிட்டான். பிறகு உள்ளேயிருந்த பிளாஸ்டிக் பொத்தான்கள் எல்லாம் வயதாகி இளகின. கண்ணாடியை இறக்கினால் வெல்லப்பாகைத் தொட்டதுபோல் விரல் ஒட்டிக்கொள்ளும். அவற்றை மாற்றக் கேட்ட விலைக்கு ஒரு கறவைப் பசு வாங்கலாம். தபால்காரரின் ஸ்கூட்டர் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனது. அந்தக் கண்ணாடிக்காக எத்மெயா கேட்டுக்கொண்டிருந்த புதுச் சமையலறை அலமாரி ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. இதற்கு நடுவில், குதிரைசக்தி ஓர் அளவுக்கு மேல் போனால் அரசாங்கம் தனி வரி போடுகிறது. நிற்கிற குதிரைக்கும் வரி உண்டு.

நேரியோ ஏழையில்லை. பாலாடைக்கட்டி, அதாவது சீஸ் வட்டுகளை முதிரவைக்கும் கிடங்கு ஒன்று வைத்திருக்கிறான். பெரிய கல்யாண மேளம்போன்ற வட்டுகள் கூரை வரை அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றையும் சின்னச் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்வான். கிடங்கின் மேல் வங்கிக் கடன் இருந்ததால் வண்டியை மனைவி பெயரில் எழுதியிருந்தான். அது புத்திசாலித்தனமான காரியம் என்று அப்போது நினைத்தான்.

இந்த வருட ஈஸ்டர் விருந்தில் எத்மெயா எழுந்து நின்றாள். உறவினர்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்தோம். அவள் மேசையிலிருந்த ரொட்டியின் மேல் சத்தியம்போல் கை வைத்துச் சொன்னாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த வண்டிக்கு இன்னும் ஒரே ஒரு பெரிய செலவு வரட்டும். மறுநாளே அந்த லுகானோக்காரனுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுவேன்."

லுகானோக்காரர் பழைய வண்டிகளை வாங்கி விற்பவர். மாதம் ஒருமுறை போன் செய்து, எத்மெயாவின் உடல்நலத்தை விசாரித்துவிட்டு வண்டியின் உடல்நலத்தை விசாரிப்பார். எத்மெயா சொன்னால் சொன்னதுதான் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். நேரியோ ஆட்டிறைச்சியை மென்றுகொண்டே இருந்தான். அதை விழுங்கினானா என்பது எனக்கு நினைவில்லை.

ஜூன் மாதம் ஒரு மதியம் அவன் என் வீட்டுக்கு வந்தான். நான் அடுத்த வீடு. படித்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், உன் முதுகு எப்படி இருக்கு?"

என் முதுகைப் பற்றி அவன் விசாரித்தது அதுவே முதல் முறை.

"ஏன்?"

"சும்மாதான். நாப்பது கிலோ தூக்குமா?"

நான் பதில் சொல்லவில்லை. என் மௌனத்தை எல்லோரும் சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். அவனும் எடுத்துக்கொண்டான்.

ஷெட்டில் வண்டி விநோதமாக நின்றது. மூக்கைத் தரையில் வைத்து மோப்பம் பிடிக்கும் நாய்போல் முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் தூக்கியிருந்தது. நேரியோ இருக்கைக்குப் பின்னாலிருந்த மூடியைத் திறந்தான். இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் ஷெட்டின் சிமெண்ட் தரை தெரிந்தது.

"இன்ஜின் எங்க?"

"இவானோகிட்ட."

"வந்துடுச்சுன்னு எத்மெயாகிட்ட சொன்னியே."

"வண்டி வந்துடுச்சுன்னுதான் சொன்னேன் மச்சான். பொய் சொல்லல."

விஷயம் இதுதான். அந்த இன்ஜினுக்குள் ஓடும் பெல்ட்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவை பழசாகும். மாற்றாமல் விட்டு ஒன்று அறுந்தால் இன்ஜினே போய்விடும். பெல்ட்டின் விலை பெரிதில்லை. ஆனால் அதைத் தொட, இன்ஜினை முழுதாக வெளியே இறக்க வேண்டும். ஈஸ்டருக்கு மூன்று வாரம் கழித்து இவானோ இறக்கினான். இறக்கியவன் சும்மா இருப்பானா, உள்ளே பார்த்தான். பார்த்த இடத்திலெல்லாம் ஏதோ ஒன்று தேய்ந்திருந்தது.

"மொத்தம் எவ்வளவு கேக்கறான்?"

நேரியோ சொன்னான். நான் பேசாமல் நின்றேன். மௌனத்தில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு, ஆனாலும் இது எனக்கே புதிய வகை.

"எத்மெயாவுக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வித்துடுவா. கொஞ்சம் கொஞ்சமா சேத்துக் குடுத்துடறேன்னு இவானோகிட்ட சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் வண்டி இங்க முழுசா இருக்கற மாதிரி இருக்கணும். அவ முடிவெட்டிக்கப் போயிருந்தப்ப இழுவை வண்டியில கொண்டாந்து விட்டுட்டேன். ஆனா பின்னாடி இப்படித் தூக்கிக்கிட்டு நிக்குது பாரு. இந்த ஊர்ல யாரு பாத்தாலும் ஒரு நொடியில கண்டுபிடிச்சுடுவான்."

அதற்காகத்தான் என் முதுகு. சுவரோரம் ஆறு சீஸ் வட்டுகள் அடுக்கியிருந்தன.

"சிமெண்ட் மூட்டை போடக்கூடாதா?"

"சிமெண்ட்ட காசு குடுத்துல்ல வாங்கணும். இது எல்லாம் உள்ள விரிசல் விட்டது. நல்லதை வண்டியில வைக்க எனக்கு மனசு வருமா?"

பலகை கட்டி, ஒவ்வொன்றாக இறக்கினோம். ஒவ்வொரு வட்டுக்கும் வண்டி கொஞ்சம் தாழ்ந்தது. நேரியோ வண்டியின் பழைய புகைப்படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, சக்கரத்துக்கும் மேல்தகட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை விரலால் அளந்தான். ஆறாவது வட்டில் சரியாக வந்தது. மூடியை மூடிவிட்டு, பெற்ற பிள்ளையைத் தூங்கவைத்தவன்போல் அதன் மேல் கை வைத்து நின்றான்.

"நீ யாருகிட்டயும் பேச மாட்ட. அதனாலதான் உன்கிட்ட வந்தேன்" என்றான்.

இரண்டு நாள் கழித்து எத்மெயா வந்தாள். கையில் மூடிய பாத்திரம். நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீ யாருகிட்டயும் சொல்ல மாட்ட."

நான் புத்தகத்தை மூடினேன்.

"அந்த வண்டியில இன்ஜின் இல்ல."

நான் ஜன்னலைப் பார்த்தேன். வெளியே ஒன்றும் இல்லை. ஆனாலும் நெடுநேரம் பார்த்தேன்.

"உனக்கு ஆச்சரியமா இல்லையா?"

"ஆச்சரியமாத்தான் இருக்கு."

"வண்டி வந்தும் சத்தமே கேக்கலியேன்னு இவானோவோட பட்டறைக்கு நானே போனேன். விலையச் சொன்னான். எனக்குத் தலை சுத்திடுச்சு. அப்புறம்தான் ஒரு ஏற்பாடு பண்ணினேன்." பாத்திரத்தைத் திறந்தாள். இறைச்சி அடைத்து, மோதிரம்போல் மடித்த தொர்த்தெல்லினி. விரல் நகத்தைவிடச் சின்னது. ஊரில் அவள் கைக்கு ஈடு கிடையாது. "சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இவானோவுக்கு ஒரு கிலோ. எதுக்குன்னு கேளு."

"எதுக்கு?"

"இன்ஜினைத் திருப்பி மாட்டாம இருக்கறதுக்கு."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இந்த மனுஷன் காசு சேத்துக்கிட்டு வந்து குடுத்தாலும், ஏதோ ஒரு சாமான் இன்னும் வரலன்னு சொல்லிடணும். அதுதான் பேச்சு. யோசிச்சுப் பாரு அண்ணா. பெட்ரோல் இல்ல. கிளச் தேயாது. அபராதச் சீட்டு வராது. வாரத்துக்கு ஒரு கிலோ மாவும் கறியும், அவ்வளவுதான். இவ்வளவு மலிவா இந்த வண்டிய எவனும் வச்சிருக்க முடியாது."

"வித்துடலாமே. நீதான் சொன்னியே."

"வித்துட்டா?" அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். "வண்டி பட்டறையில இருந்த ரெண்டு வாரமும் அவன் சமையலறையில நின்னான். தண்ணிக்கு எப்ப உப்புப் போடணும்னு எனக்குச் சொல்லிக்குடுத்தான். எனக்கு. இப்ப சாயங்காலமானா ஷெட்டுக்குப் போய் அதுக்குள்ள உக்காந்துக்கறான். ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு வாயாலயே சத்தம் போடறான். நானும் நிம்மதியா இருக்கேன், அவனும் நிம்மதியா இருக்கான்."

"அப்ப தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடேன்."

"எப்படிச் சொல்ல முடியும்? ரொட்டி மேல கை வச்சுச் சொல்லியிருக்கேன். எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு ஆகிட்டா வித்தே ஆகணும். இல்லன்னா அப்புறம் நான் எதைச் சொன்னாலும் இந்த வீட்டுல ஒருத்தனும் கேக்க மாட்டான். அதனால எனக்குத் தெரியாது. புரிஞ்சுதா? எனக்குத் தெரியவே கூடாது."

பாத்திரத்தை விட்டுவிட்டுப் போனாள். நான் அந்த மாலை முழுவதும் படிக்கவில்லை. கணவன் மனைவிக்குத் தெரியாமல் மறைக்கிறான். மனைவி தனக்குத் தெரிந்ததை மறைக்கிறாள். இரண்டும் என்னிடம் வந்து அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. நான் வாயைத் திறந்தால் ஒரு வண்டி லுகானோவுக்குப் போகும். திறக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. எனக்கு எளிய பக்கம் எது என்பதில் குழப்பம் இல்லை. தொர்த்தெல்லினியைச் சாப்பிட்டேன்.

ஜூலை கடைசியில் கிறிஸ்தோபர் திருவிழா வந்தது.

வண்டியோட்டிகளின் காவலரான அந்தப் புனிதரின் சிலையை மேல் கோயிலிலிருந்து கீழ்ச் சதுக்கத்துக்குப் பவனியாகக் கொண்டுவருவோம். பின்னாலேயே ஊர் வண்டிகள் எல்லாம் வரும். எப்போதோ ஒரு பங்குச் சாமியார், இன்ஜின் இரைச்சலில் மன்றாட்டு மாலை ஜெபம் கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டாராம். அன்றிலிருந்து சிலைக்குப் பின்னால் வண்டிகளைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும். வண்டிக்காரன் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பான். மனைவி பக்கத்தில். வீட்டு ஆண்களும், அந்த வண்டியைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கும் பின்னால் தள்ளுவார்கள். சதுக்கத்தில் தீர்த்தம் தெளித்து முடிந்ததும் சாமியார் கையை உயர்த்துவார். அப்போது எல்லா இன்ஜினும் ஒரே நேரத்தில் உயிர்பெறும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே பக்கத்து ஊர்க்காரர்கள் வருவார்கள்.

நேரியோவின் திட்டம் இது. விடியுமுன், எத்மெயா எழுவதற்குள், இவானோவின் இழுவை வண்டியில் மேல் கோயிலுக்கு ஏற்றிவிடுவது. இறங்கும்போது எப்படியும் தள்ளுவதுதான். சதுக்கத்தில் ஊர்ப் பல் டாக்டரின் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வது. அந்த வண்டி போடும் இரைச்சலில் எது எவருடையது என்று யாருக்குத் தெரியும். பிறகு, எல்லோரும் பார்க்கட்டும் என்று வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போவது. இருட்டியதும் மறுபடி இழுவை வண்டி.

தள்ள வந்தவர்கள் நான்கு பேர். நான், இவானோ, கிடங்கில் வேலை செய்யும் இரண்டு பேர். அன்று நல்ல வெயில். பாதி வழியிலேயே எனக்கு விஷயம் புரிந்தது. நேரியோ எடையைப் பார்த்தான், உயரத்தைப் பார்த்தான். வெயிலைப் பார்க்கவில்லை. மூடிக்குக் கீழே சீஸ் வியர்க்க ஆரம்பித்திருந்தது. வண்டிக்கு அடியிலிருந்து பளிச்சென்று மஞ்சளாகச் சொட்டுகள் சாலையில் விழுந்தன. எங்கிருந்தோ இரண்டு நாய்கள் வந்து பக்தியோடு பின்தொடர்ந்தன.

பல் டாக்டர் தன் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன நேரியோ, உன் வண்டி கருப்பா எண்ணெய் ஒழுகலியே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"சர்வீஸ் பண்ணினேன் டாக்டர்."

"சர்வீஸ் பண்ணினாத்தான ஒழுகும்?"

எத்மெயா நேரே பார்த்தபடி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

சதுக்கத்தில் பங்குச் சாமியார் தோன் செல்சோ வரிசையாகத் தீர்த்தம் தெளித்தார். கையை உயர்த்தினார். தரை அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. நேரியோ சாவியைத் திருப்பியதைப் பார்த்தேன். அவன் முன்னால் சில சின்ன விளக்குகள் எரிந்தன. அவ்வளவுதான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு காலை மிதித்தான், எடுத்தான், மிதித்தான். அப்போது எத்மெயா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினாள்.

"நேரியோ, போதும். கொஞ்சம் குறை. என் தலை வெடிச்சுடும்போல இருக்கு."

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு பணிவாகக் காலை எடுத்தான். அவளுக்குக் காது போய்விட்டது என்றே அந்த நிமிடத்தில் நினைத்ததாகவும், மறுநாளே மோதெனாவில் நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று முடிவு செய்ததாகவும் பிற்பாடு என்னிடம் சொன்னான்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். இன்ஜின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. தோன் செல்சோ நொண்டிக்கொண்டே எங்கள் வண்டியை நோக்கி வந்தார்.

"நேரியோ, இந்த வருஷம் முழங்கால் ரொம்பப் படுத்துது. மேல கோயில் வரைக்கும் என்னைக் கொண்டுபோய் விடு."

நேரியோவின் முகம் நேற்றுத் தோய்ந்த பாலின் நிறத்துக்கு வந்தது.

"சாமி, டாக்டர் வண்டியில சீட்டு மெத்து மெத்துன்னு இருக்கும்."

"அந்த ஆள் போன வாரம்தான் என் பல்லப் பிடுங்கினான். அவன் பக்கத்துல உக்காந்தா எனக்கு வலிக்கும்."

சதுக்கம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. எத்மெயா இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாமியார் ஏறி உட்கார்ந்தார். நேரியோ சாவியைப் பார்த்தான். சாவி அவனைப் பார்த்தது. வண்டி கிளம்பவில்லை என்று மட்டும் அவன் சொல்லட்டும், அந்தச் சதுக்கத்திலிருக்கும் ஆண்கள் அத்தனை பேரும் ஓடிவந்து மூடியைத் திறப்பார்கள். எங்கள் ஊரில் கிளம்பாத இன்ஜினைப் பார்க்காமல் எவனும் வீட்டுக்குப் போக மாட்டான். திறந்தால் எத்மெயாவுக்குத் தெரிந்துவிடும். ஊரறியத் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு லுகானோதான். பல் டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வர ஆரம்பித்துவிட்டார்.

எத்மெயா குனிந்து ஜன்னல் வழியாகப் பேசினாள்.

"சாமி, இது பொருத்தனை வண்டி."

"என்ன பொருத்தனை?"

"வரும்போதும் சரி, திரும்பிப் போகும்போதும் சரி, இன்ஜின் போடாம தள்ளியே கொண்டுபோறதா நேர்ந்திருக்கோம்."

"இப்பத்தான ஸ்டார்ட் பண்ணினீங்க? நீதான காதைப் பொத்திக்கிட்டுக் கத்தின?"

"அது ஆசீர்வாதத்துக்கு. இப்ப அணைச்சாச்சு."

தோன் செல்சோ அவளைப் பார்த்தார். நேரியோவைப் பார்த்தார். "எதுக்காக நேர்ந்தீங்க?"

அவள் அதை யோசித்து வைத்திருக்கவில்லை. ஒரு நொடி தடுமாறினாள். பிறகு அவள் கண் என் மேல் விழுந்தது.

"எங்கண்ணன் வாயத் தொறந்து நாலு வார்த்தை பேசணும்னு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அது அவளுக்குப் பெரிய உதவியாக இருந்தது.

"அப்ப இன்னும் பல வருஷம் தள்ள வேண்டியிருக்கும்" என்றார் தோன் செல்சோ. "சரி, தள்ளுங்க."

மேல் கோயிலுக்குப் போகும் சாலை செங்குத்து. ஒரு வண்டி, ஒரு கணவன், ஒரு பங்குச் சாமியார், ஆறு வட்டு சீஸ். முதல் வளைவில் கிடங்குப் பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டாவது வளைவில் பல் டாக்டர் இரக்கப்பட்டு வந்து தோள்கொடுத்தார். எத்மெயா பக்கத்திலேயே நடந்து வந்தாள். நேரியோ ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ரோட்டைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்பது அவனுக்கு அப்போது புரிந்துவிட்டிருந்தது. காது கேட்கிறது என்றால், மற்றது என்ன என்பதும்.

"என்ன வாசனை இது?" என்று உள்ளேயிருந்து சாமியாரின் குரல் வந்தது.

"எது சாமி?"

"சீஸ் வாசனை."

"என் தொழில் அது சாமி. எவ்வளவு குளிச்சாலும் போகாது."

மூன்றாவது வளைவில் இவானோ மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். "எத்மெயா, இதுக்கெல்லாம் பேசல. இந்தச் சனிக்கிழமை ரெண்டு கிலோ."

நேரியோ ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "எதுல ரெண்டு கிலோ?"

நாங்கள் குனிந்து தள்ளினோம்.

கோயில் வாசலில் தோன் செல்சோ மெல்ல இறங்கினார். பின்பக்கம் போனார். மூடியின் மேல் தாராளமாகத் தீர்த்தம் தெளித்தார். பிறகு நேரியோவின் காதருகே குனிந்தார். நான் பக்கத்தில் நின்றதால் கேட்டது.

"எத்தனை மாசம் முதிர்ந்தது?"

நேரியோ மூடியைப் பார்த்தான். "இருபது சாமி. விரிசல் விட்டது."

"இதைப் பாவசங்கீர்த்தனமா எடுத்துக்கறேன். வெளிய போகாது. விரிசல் இல்லாததா ஒண்ணு கோயிலுக்கு அனுப்பிடு."

அவர் உள்ளே போனார். பல் டாக்டரும் பையன்களும் தண்ணீர் குடிக்கப் போனார்கள். வண்டியைக் கோயிலுக்குப் பின்னால் லிண்டன் மர நிழலுக்குத் தள்ளிக்கொண்டுபோய் நாங்கள் நான்கு பேர் நின்றோம். வண்டி நடுவில். நாய்கள் அடியில் படுத்துக்கொண்டன.

இவானோ வண்டியில் சாய்ந்து மூச்சு வாங்கினான்.

"எதுல ரெண்டு கிலோ?" என்று நேரியோ மறுபடி கேட்டான்.

இவானோ தன் செருப்பைப் பார்த்தான். எத்மெயா சொன்னாள். ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். நேரியோ மரத்தில் சாய்ந்து நின்று கேட்டான்.

"போன மாசம் பாதிப் பணம் கொண்டாந்தேனே இவானோ. ஜெர்மனியிலேர்ந்து ஒரு வளையம் வரலன்னு சொன்னியேடா."

"வளையம் அப்பவே வந்துடுச்சு. மேசை மேலதான் இருக்கு" என்றான் இவானோ. "என்ன பண்றது நேரியோ. நீ பாதிப் பணம்தான் குடுத்த. அவ முழு கிலோ குடுத்தா."

"அப்ப வித்துடப் போற." நேரியோ எத்மெயாவைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துச் சொன்னான். அவன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. "உனக்குத் தெரிஞ்சுடுச்சு. ரொட்டி மேல கை வச்சுச் சொன்ன. நாளைக்குப் போன் பண்ணுவ."

எத்மெயா கைப்பையிலிருந்து விசிறியை எடுத்து வீசிக்கொண்டாள்.

"நான் என்ன சொன்னேன்? சொன்னதை அப்படியே சொல்லு."

"பெரிய செலவு ஒண்ணு வந்தா வித்துடுவேன்னு."

"வந்துச்சா?"

அவன் வண்டியிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

"இன்ஜின் உள்ள போச்சுன்னா செலவு. வெளிய இருக்கற வரைக்கும் என்ன செலவு? ஒண்ணுமில்ல. நான் சொன்ன சொல் அப்படியே நிக்குது. நீதான் முடிவு பண்ணணும். உனக்கு இன்ஜின் வேணுமா, வண்டி வேணுமா?"

நேரியோ மூடியைத் திறந்தான். ஆறு வட்டுகளும் வியர்வையில் மினுமினுத்தன. பழக்க தோஷத்தில் ஒன்றை விரல் முட்டியால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டான். தள்ளிய குலுக்கலில் விரிசல் இன்னும் பெரிதாகியிருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தான். வட்டின் மேலேயே கை வைத்திருந்தான். அவன் என்ன நினைத்தான் என்பது எனக்குத் தெரியாது. அந்த மலை வளைவுகளில் பன்னிரண்டு சிலிண்டரும் பாடிக்கொண்டு ஏறுவதை நினைத்திருக்கலாம். அதற்கு அடுத்து வரும் ரசீதை நினைத்திருக்கலாம்.

"வண்டி" என்றான் கடைசியில்.

"அப்ப சரி. பேச்சு முடிஞ்சுது."

"ஆனா வாரம் ஒரு கிலோ அதிகம். சும்மா இருக்கறதுக்கு ஒரு கிலோவா? அரைக் கிலோ போதும்."

"சும்மாவா?" இவானோவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுக்குத் துணி போத்தி வச்சிருக்கேன். மாசாமாசம் கையால சுத்திவிடறேன். இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. மாட்டறதைவிட மாட்டாம வச்சிருக்கறதுலதான் வேலை ஜாஸ்தி."

"முக்கால் கிலோ" என்றாள் எத்மெயா.

"சரி. ஆனா இன்னொண்ணு." இவானோ முன்சக்கரத்தைக் காலால் தட்டினான். "வண்டி ஒரே இடத்துல நின்னா டயர் ஒரு பக்கம் தட்டையாயிடும். ஒரு வருஷத்துல நாலையும் மாத்தணும். இந்த அளவு டயர் இப்ப எங்கயும் செய்யறதில்ல, சொல்லித்தான் செய்யணும்."

"எவ்வளவு?" என்று எத்மெயா கேட்டாள்.

இவானோ விலையைச் சொன்னான். விசிறி நின்றது. நேரியோ என்னைப் பார்த்தான், நான் மலையைப் பார்த்தேன். அது பெரிய செலவா, சின்னச் செலவா என்று எத்மெயா கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. அவள் பெரியது என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

"நிக்காம இருந்தா தட்டையாகாதுல்ல?" என்றாள்.

"ஆகாது. வாரம் ஒரு தடவை கொஞ்சம் உருண்டா போதும்."

"அப்ப உருட்டுங்க."

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் நானும் நேரியோவும் வண்டியை ஷெட்டிலிருந்து வெளியே தள்ளி, வாசல் கேட்டு வரை கொண்டுபோய், திருப்பித் தள்ளிக்கொண்டு வருகிறோம். சீஸை எடுத்துவிட்டோம். மறைக்க ஆளில்லாத இடத்தில் எடை எதற்கு. வண்டி பின்னால் தூக்கிக்கொண்டு போகிறது. நேரியோ தள்ளும்போது வாயால் சத்தம் கொடுக்கிறான். இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும் இடம் கச்சிதமாக வரும்.

யாராவது ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டுமே. முதல் வாரம் எத்மெயா முணுமுணுத்துக்கொண்டுதான் ஏறினாள். இரண்டாவது வாரம் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வந்தாள். போன வாரம் கறுப்புக் கண்ணாடி. ஒரு கையை ஜன்னலில் வைத்து, மறுகையால் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். கேட்டருகே வந்ததும் நாங்கள் மூச்சு வாங்க நின்றோம். அவள் பின்பார்வைக் கண்ணாடியைச் சரிசெய்து அதில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"ரெண்டு ஆம்பளைங்க இருக்கீங்க" என்றாள். "இதைவிட வேகமாப் போகாதா இது?"